பச்சை விளக்கு எரிகிறது, கணினி எழவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

வீட்டிலிருந்தே சிறு தொழில் நடத்தும் வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. ஊர், பெயர் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2012இல் வாங்கிய டெஸ்க்டாப் கணினியில்தான் அவருடைய தொழிற்கணக்கு முழுவதும் இருக்கிறது. குழந்தைகளின் சிறுவயதுப் படங்களும் அதில்தான். வேறெங்கும் நகல் கிடையாது. சில மாதங்களாகவே பவர் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கணினி எழுந்திருக்கிறது. மூன்று வாரம் வெளியூர் போகும்போது பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து செருகிப் பட்டனை அழுத்தினால் அசைவில்லை. எப்போதாவது விசிறி அரை நொடி சுழன்று நின்றுவிடுகிறது. எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் பலகையான மதர்போர்டில் உள்ள சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. மகன், நினைவக அட்டையான ராமைக் கழற்றி மாட்டினார், வட்ட பேட்டரியை மாற்றினார், “ஏதோ ஒரு ஜம்பரையும்” நகர்த்தினார். பயனில்லை. பழுது பார்ப்பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டு, “விளக்கு எரியுதே, அப்போ எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு. மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றாராம். (எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி.)

அவர் கேட்பவை: கணக்கும் படங்களும் போய்விட்டனவா? மதர்போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? உறவினர் தரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினால், 250 வாட்டில் ஓடிய மதர்போர்டு கருகிவிடுமா? மைத்துனர் சொல்வதுபோல எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து ஃபியூஸை மாற்றினால் போதுமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்: சில மாதங்களாகவே இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. ஒரே நாளில் செத்த கணினி இல்லை இது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அப்படித் தளர்ந்து, பல நாள் மின்சாரமே இல்லாமல் கிடந்த பிறகு அடியோடு எழ மறுக்கும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். மதர்போர்டு இரண்டாவதுதான். சோதிக்காமல் இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களிடம் தீர்ப்புச் சொன்னவர் எதையும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

கோப்புகள் எங்கும் போகவில்லை

முதலில் உங்கள் பெரிய கவலை. கணினி எழாததற்கும் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டிஸ்க் தனிப் பொருள். மதர்போர்டே கருகியிருந்தாலும் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜை அனுப்பி டிஸ்கின் சர்க்யூட் போர்டையும் கெடுத்துவிடுவது உண்டு, ஆனால் அரிது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தப் பக்கம் காட்டவில்லை.

ஆகவே, பழுது பார்க்கும் வேலையில் இறங்குவதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துவிடலாம், அதுதான் நல்லது. 2012 கணினி என்றால் டிஸ்க் பெரும்பாலும் 3.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் ஒரு முறை) வகையாக இருக்கும். பின்னால் இரண்டு கேபிள்கள்: அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. இரண்டையும் உருவி, பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். அதனுடன் தனியாக 12 வோல்ட் மின் அடாப்டரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்குக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும், 3.5 அங்குல டிஸ்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் இல்லாமல் முடியாது. பலர் யுஎஸ்பி வயர் மட்டும் உள்ளதை வாங்கி மாட்டிவிட்டு, டிஸ்க் சுழலாததைப் பார்த்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

இணைத்த பிறகு விண்டோஸ் “டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று கேட்டால் ரத்து செய்யுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள். பயனர் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் அது பழைய விண்டோஸ் பயனர் கணக்கின் உரிமைப் பூட்டுதான். நிர்வாகி உரிமையுள்ள கணக்கிலிருந்து “தொடர்க” என்று கொடுத்தால் திறந்துவிடும், சற்று நேரம் பிடிக்கும். கணக்கு மென்பொருளின் தரவு, ஆவணங்கள் கோப்புறையில் இல்லாமல் அந்த மென்பொருள் நிறுவப்பட்ட இடத்திலேயே இருக்கலாம். சி டிரைவ் முழுவதையும் தேடி எடுங்கள். டிஸ்க் சீராகச் சுழலாமல் ‘டக், டக்’ என்று தட்டும் ஒலி வந்தால் மட்டும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் போங்கள். அந்த நிலையில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் டிஸ்கைக் கொல்லும்.

பச்சை விளக்கு சொல்வதும் சொல்லாததும்

விளக்கு எரிவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்பது பரவலான தவறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருக்கின்றன. பிளக் செருகியிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், இரவு பகலாக ஓடுவது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்னும் சின்னச் சுற்று. ஊதா நிற வயர் அதனுடையது. கணினியை ஓட்டும் 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருவது பெரிய சுற்று. அது பட்டனை அழுத்தும் வரை உறங்கிக்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்தும்போது நடப்பது இது. மதர்போர்டு, ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் விழித்திருக்கும் தன் சிறு பகுதியைக் கொண்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சை வயரை எர்த்துக்கு (பூஜ்ய வோல்ட்டுக்கு) இழுக்கிறது. அதைக் கண்டு பெரிய சுற்று எழுகிறது. வோல்டேஜுகள் நிலைப்பட்டபின், 100 முதல் 500 மில்லிநொடிக்குள், எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயரில் “எல்லாம் சரி” என்று குறிப்பு அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். உங்கள் விசிறி அரை நொடி சுழன்று நிற்கிறது என்றால், பெரிய சுற்று எழ முயன்று, ஏதோ ஒன்று பிடிக்காமல் தன்னையே அணைத்துக்கொள்கிறது. அதாவது, பட்டன், பச்சை வயர், மதர்போர்டின் விழித்திருக்கும் பகுதி ஆகிய மூன்றும் குறைந்தது சில தடவையாவது வேலை செய்கின்றன. “மதர்போர்டு போச்சு” என்பதற்கு இது சாதகமான சான்று அன்று.

பச்சை விளக்குக்குச் சில மில்லிஆம்பியர் போதும். ஸ்டாண்ட்பை சுற்று தளர்ந்து 4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தாலும் விளக்கு பளிச்சென்று எரியும். கணினியை எழுப்பும் நொடியில் கேட்கும் கூடுதல் மின்னோட்டத்தைத் தர அந்தச் சுற்றால் முடியாமல் போகும்.

ஏன் தளர்கிறது? எஸ்எம்பிஎஸ்ஸில் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஸ்டாண்ட்பை சுற்றோ கணினி அணைந்திருக்கும்போதும், விசிறிக் காற்று இல்லாமல், ஆண்டுக்கணக்கில் ஓடியது. வற்றிய கெப்பாசிட்டர் சூடாக இருக்கும்போது ஓரளவு சமாளிக்கும், குளிர்ந்து கிடந்தால் திணறும். பிளக் செருகியே இருந்த காலத்தில் அந்த மெல்லிய வெதுவெதுப்பு அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். மூன்று வாரம் கழற்றி வைத்ததால் கணினி கெடவில்லை, ஏற்கெனவே இருந்த தளர்ச்சி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. கருகல் வாசனையோ ‘சர்’ ஒலியோ இல்லையென்றால், ஆள் இருக்கும் நேரத்தில் பிளக்கைச் செருகி நான்கைந்து மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போது எழுந்தால் குற்றவாளி அநேகமாக எஸ்எம்பிஎஸ்.

திறப்பதற்கு முன்னும் திறந்த உடனும்

சுவர் சாக்கெட்டில் மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ், நீட்டிப்புப் பெட்டி எதுவும் இல்லாமல் கணினியை நேராகச் சுவரில் இணையுங்கள். முதுகுப் புறத்தில் ‘கோடு–வட்டம்’ போட்ட ஸ்விட்ச் இருந்தால் கோட்டுப் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். 115/230 என்ற சிவப்பு நகர்த்தி இருந்தால் அதைத் தொடாதீர்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115இல் இருந்தால் மின்சாரம் கொடுத்த நொடியிலேயே எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும்.

பிறகு பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்னேற்றம் வடிந்து பச்சை விளக்கு அணையும். அணைந்த பிறகே பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மகன் தொட்ட இடங்களை. பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று முள்ளும் அதில் இரண்டை மூடிய சிறு தொப்பியும் இருக்கும். அதுதான் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழிக்கும் ஜம்பர். வழக்கமாக 1–2 முள்ளில் இருக்க வேண்டியதை 2–3க்கு மாற்றி அப்படியே விட்டிருந்தால், சில மதர்போர்டுகள் எழவே எழா. எந்த இடம் சரி என்பது மதர்போர்டிலேயே அச்சிட்டிருக்கும், அல்லது அதன் கையேட்டில் இருக்கும். பேட்டரியின் கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். ராம் அட்டை இரு முனையிலும் ‘கிளிக்’ என்று பூட்டியிருக்க வேண்டும். ஒரு முனை மட்டும் பூட்டி மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்பது அடிக்கடி நடப்பது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

பேட்டரியை மாற்றியது வீண் வேலையில்லை, ஆனால் அது இந்த நோய்க்கு மருந்தும் இல்லை. சிஆர் 2032 பேட்டரி 3 வோல்ட் தருவது, கடிகாரத்துக்கும் அமைப்புகளின் நினைவுக்கும். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும். கணினி எழாமல் போவது சில மதர்போர்டுகளில் மட்டும்தான்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை

எஸ்எம்பிஎஸ் தன்னை அணைத்துக்கொள்வதற்கு அது தளர்ந்திருப்பது ஒரு காரணம். எங்காவது ஷார்ட் இருப்பது இன்னொன்று. இரண்டையும் பிரிக்க வழி, தேவையற்ற அனைத்தையும் கழற்றுவது. ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், செருகிய கார்டுகள், அச்சுப்பொறி, கீபோர்டு, மவுஸ், முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாம் வெளியே. மிஞ்ச வேண்டியவை: மதர்போர்டு, விசிறியுடன் பிராசஸர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய 24 முள் இணைப்பு, பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள 4 அல்லது 8 முள் இணைப்பு. இந்தச் சின்ன இணைப்பை மறந்தால் விசிறி ஓடியும் திரை வராது. பிராசஸரின் வெப்பத் தகடு நான்கு மூலையிலும் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்கைக் கழற்றச் சொல்வது சடங்குக்காக இல்லை. டிஸ்கின் சர்க்யூட் போர்டில், அதிக வோல்டேஜ் வந்தால் தன்னைப் பலிகொடுத்து டிஸ்கைக் காக்கும் டயோடு உண்டு. அது ஷார்ட் ஆகிவிட்டால் எஸ்எம்பிஎஸ் எழ மறுக்கும், கணினியே செத்ததுபோல் தெரியும். அதுபோலவே முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் உள்ள நாக்கு உடைந்து கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் இதே அறிகுறிதான். டார்ச் அடித்து அதற்குள்ளும் பாருங்கள்.

இந்த நிலையில் எழுந்தால், ஒவ்வொன்றாக மாட்டி ஒவ்வொரு முறையும் எழுப்பிப் பாருங்கள். மாட்டும்போதெல்லாம் பிளக் வெளியே இருக்க வேண்டும். எதை மாட்டியதும் நிற்கிறதோ பெரும்பாலும் அதுதான் காரணம்.

எழாவிட்டால் பட்டனைச் சந்தேகியுங்கள். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போர்டின் கீழ் மூலையில் உள்ள முள் கூட்டத்தில் மாட்டியிருக்கும். அந்தச் சின்ன இணைப்பை உருவிவிட்டு, வெளிப்பட்ட அந்த இரண்டு முட்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். எழுந்தால் பழுது பட்டனில்தான். அப்படியென்றால் ரீசெட் பட்டனின் வயரை அந்த முட்களில் மாட்டி, அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம். பல நாள் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்ததற்குப் பட்டன் தேய்மானமும் காரணமாக இருக்கலாம் என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

திறந்த கையோடு பிராசஸரைச் சுற்றியுள்ள உருளைக் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ, தலையிலோ அடியிலோ பழுப்புப் பொருக்குத் தெரிந்தாலோ மதர்போர்டு மீதான சந்தேகம் வலுக்கும். 2000களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் இது பெருங்கொள்ளை நோய்போல் பரவியது. உங்களுடையது அதற்குப் பிற்பட்டது. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் பிராசஸருக்கு அருகே வற்றாத திடவகைக் கெப்பாசிட்டர்களே இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மட்டும் பழைய திரவவகைதான். நான் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கருப்பு முனையைக் கேபினெட் உலோகத்திலோ ஏதாவது ஒரு கருப்பு வயரிலோ தொடுங்கள். 24 முள் இணைப்பைக் கழற்றாமலே, வயர்கள் நுழையும் பின்பக்கத்திலிருந்து சிவப்பு முனையை மெல்லச் செருகினால் உள்ளே உலோகம் தட்டுப்படும். ஒரே நேரத்தில் இரண்டு துளைகளைத் தொட்டுவிடக் கூடாது.

பிளக் செருகியிருக்க, முதலில் ஊதா வயர். 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்ட வேண்டும். முனையை எடுக்காமல் இன்னொருவரைப் பவர் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். எண் சடாரென்று 4.75க்குக் கீழே விழுந்தால் ஸ்டாண்ட்பை சுற்று தளர்ந்துவிட்டது, அல்லது அதை ஏதோ இழுக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிய நிலையிலும் விழுந்தால் பழி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

அடுத்து பச்சை வயர். அணைந்த நிலையில் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். பட்டனை அழுத்தியதும் 0.8க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கியும் எஸ்எம்பிஎஸ் எழவில்லை என்றால், மதர்போர்டு கேட்டது, எஸ்எம்பிஎஸ் கொடுக்கவில்லை. இறங்கவே இல்லை, ஊதாவும் சரியாக இருக்கிறது, முட்களை நேராகத் தொட்டும் பயனில்லை என்றால், அப்போதுதான் மதர்போர்டைக் குற்றம் சொல்ல நியாயமான காரணம் கிடைக்கிறது.

மீட்டர் இல்லாதவர்கள் செய்வது கிளிப் சோதனை. பிளக்கை உருவி, 24 முள் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயர் துளையையும் ஒரு கருப்பு வயர் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு பிளக்கைச் செருகுவது. விசிறி ஓடாவிட்டால் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் போய்விட்டது. சில பழையவை சுமை இல்லாமல் எழா என்பதால், பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டிவிட்டுச் செய்யுங்கள். ஓடினால்? அது நல்லது என்று நிரூபணமாகவில்லை. சுமையே இல்லாமல் விசிறியைச் சுழற்றத் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸாலும் முடியும்.

ஓர் எச்சரிக்கை. இந்த நிறங்கள் டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுவான ஏடிஎக்ஸ் தரத்துக்கு உரியவை. பெரிய பிராண்டுகள் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்ற கணினிகள் சிலவற்றில் முள் எண்ணிக்கையும் வயரிங்கும் வேறாக இருக்கும். வயர்கள் அனைத்தும் கருப்பாக இருந்தாலோ இணைப்பு 24 அல்லது 20 முள்ளாக இல்லாவிட்டாலோ ஊகித்துச் செய்யாதீர்கள்.

500 வாட்டும் ஃபியூஸும்

500 வாட் எஸ்எம்பிஎஸ் உங்கள் மதர்போர்டைக் கருக்காது. வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு, திணிக்கும் அளவு அன்று. தண்ணீர்த் தொட்டி பெரிதானதால் குழாயில் வைத்த குவளை வழிந்துவிடுவதில்லை. 12 வோல்ட் 12ஆகவே இருக்கும். கணினி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்களுடையதைப் போன்ற கணினி பெரும்பாலான நேரம் 150 வாட்டுக்குள்ளேயே ஓடும்.

கவனிக்க வேண்டியவை வேறு. 24 முள் இணைப்பு, பிராசஸருக்குப் பக்கத்து 4 அல்லது 8 முள் இணைப்பு இரண்டும் பொருந்த வேண்டும். பெட்டி 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்ட வழக்கமான அளவா, ஒல்லியான கேபினெட்டுக்கான வேறு அளவா என்று பார்க்க வேண்டும். சோதனைக்கு மட்டும் என்றால் உள்ளே பொருத்தாமல் வெளியே வைத்தே வயர்களை நீட்டி மாட்டிப் பார்க்கலாம். உறவினருடையது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்றால், அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். முனை ஒன்றுபோலத் தெரிந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்து வயரிங் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வேறொன்றின் கேபிளைச் செருகி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்த கதைகள் ஏராளம். டிஸ்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

மைத்துனரின் யோசனை வேண்டவே வேண்டாம். உள்ளே உள்ள ஃபியூஸ் போயிருந்தால் ஸ்டாண்ட்பையும் சேர்ந்தே போயிருக்கும், பச்சை விளக்கு எரியாது. எரிகிறது, ஆகவே ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அதைவிட முக்கியம்: 230 வோல்ட் ஏசி உள்ளே ஏறத்தாழ 320 வோல்ட் டிசியாக மாறிப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கும். அதை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால், பிளக்கை உருவிய பிறகும் அங்கேயே இருக்கும். அந்தப் பெட்டியைத் திறப்பது அந்த வேலை தெரிந்தவருக்கு மட்டும் உரியது. கெப்பாசிட்டர் மாற்ற ஆள் தேடுவதைவிட முழு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது மேல்.

மீண்டும் பழுது பார்ப்பவரிடம் போனால்

ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். எழாத பழுதைச் சோதிக்க டிஸ்க் தேவையில்லை. திரையில் பயாஸ் வந்தாலே போதும். உங்கள் கணக்கும் படங்களும் இன்னொருவர் மேசையில் கிடக்க வேண்டியதில்லை. “நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மாட்டிப் பார்க்காமல் மதர்போர்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எதை மாற்றப் போகிறார், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவும் சொல்லுங்கள்.

மதர்போர்டுதான் என்று சோதனையில் உறுதியானால் நான் அதில் பணம் போடச் சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறைப் பிராசஸருக்குப் பொருந்தும் போர்டு பழையதாகத்தான் கிடைக்கும், அதன் கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயது. வேறு போர்டு மாட்டினால் கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் ஏற்கப்படாமல் போகலாம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. 2012 கணினி விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை எட்டாது. எஸ்எம்பிஎஸ் மட்டும் என்றால் மாற்றலாம், அதைத் தாண்டிய செலவைப் புதிய கணினியில் போடுங்கள். பழைய கணக்கு மென்பொருளுக்காக இதை வைத்துக்கொள்வதென்றால் இணையத்தில் இணைக்காமல் ஓட்டுங்கள்.

எழுந்துவிட்டால்

திரை வந்து, விண்டோஸ் மட்டும் நீலத்திரையில் 7பி என்ற பிழையெண்ணுடன் நின்றால் பதறி மறுநிறுவல் செய்யாதீர்கள். பேட்டரியையும் ஜம்பரையும் தொட்டதால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கும், அதில் சாட்டா முறை (டிஸ்கோடு கணினி பேசும் விதம்) மாறியிருக்கலாம். பயாஸுக்குள் போய் ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்றும், ஏஹெச்சிஐ என்று இருந்தால் ஐடிஇ என்றும் மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் பழையபடி திறக்கும். தேதியையும் சரிசெய்யுங்கள். தேதி தவறாக இருந்தால் கணக்குப் பதிவுகள் குழம்பும், பல இணையதளங்களும் திறக்காது.

இன்னும் நகலெடுக்காத நிலையில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஏதோ ஒரு தடவை எழுந்துவிட்டது என்றால், கோப்புகள் முழுவதும் வெளி டிஸ்குக்குப் போய்ச் சேரும் வரை அணைக்காதீர்கள், ஸ்லீப்பில் போகவும் விடாதீர்கள். முதலில் கணக்குத் தரவு, பிறகு படங்கள். நகலில் இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு இதை நிறுத்தலாம்.